தொழுவில் எடுத்த மண்

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். போர்வெல் லாரியில் வடக்கே பல ஊர் சுற்றினேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றேன். அங்கே காலில் பட்ட புண் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மருந்தாக மாற்றிப் பார்த்து, கடைசியில் ஏதோ ஒன்றுக்கு அடங்கியது. அதன் பிறகு அந்த ஊரும் போதும் என்றாகிவிட்டது. இப்போது திண்டுக்கல்லில் ஒரு பழைய வேனை வாடகைக்கு ஓட்டுகிறேன். விடியலில் நிலக்கோட்டையிலிருந்து பூ மூட்டை ஏற்றுவேன். மற்ற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போவேன். அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர்தான் மண் எடுக்கும் மேடம்.

அவர் டவுனில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. அப்பா, அம்மா இரண்டு பேரும் டீச்சர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக வேனில் ஏறிவிடுவார். வடமதுரைப் பக்கம், கன்னிவாடிப் பக்கம், கண்மாய்க்கரை, கரட்டு ஓரம் என்று எங்கே கை காட்டினாலும் நிறுத்துவேன். குழி வெட்டுவது என் வேலை. மேல்மண்ணை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு கை மண்ணைப் பையில் போட்டு, எடுத்த இடத்தை எழுதி ஒட்டுவது அவர் வேலை.

“இத வச்சு என்ன மேடம் பண்ணுவீங்க?” என்று முதல் நாளே கேட்டேன்.

“மண்ணுல கோடிக் கிருமி இருக்குண்ணே. பக்கத்துல இருக்கறத விரட்டுறதுக்கு ஒவ்வொன்னும் ஒரு சரக்கு விடும். ஆஸ்பத்திரியில போடுற மருந்துல நெறைய அப்படிக் கெடச்சதுதான். இப்ப நோய்க் கிருமிக அந்த மருந்துக்கெல்லாம் பழகிருச்சு. புதுசு வேணும்.”

என் காலை நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு குழியைக் கொஞ்சம் அக்கறையாகத்தான் வெட்டினேன்.

கன்னிவாடிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீட்டு மாட்டுத்தொழுவில் எடுத்த மண்ணில் ஒரு கிருமி கிடைத்தது. கண்ணாடித் தட்டில் ஆஸ்பத்திரிக் கிருமியைப் பரப்பி, நடுவில் இதை ஒரு பொட்டு வைத்தால், பொட்டைச் சுற்றி வட்டமாக எல்லாம் செத்துவிடுகிறது. போனில் படம் காட்டினார். புல் முளைக்காத களம் மாதிரி ஒரு வட்டம். அன்றைக்கு எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து அந்த வட்டம் வருவது நின்றுபோனது. கிருமி உயிரோடுதான் இருந்தது. தட்டு மாற்றித் தட்டு வளர்த்ததில் வேலை செய்வதை மட்டும் விட்டுவிட்டது. அதன் மரபணுவைப் படித்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு அந்தச் சரக்கைச் செய்யத் தெரியும் என்றுதான் கம்ப்யூட்டரும் சொல்கிறது.

“தெரியும், ஆனா செய்யாது. சோத்த போட்டுத் தனியா உக்கார வச்சா யாருதான் வேல செய்வா?” என்று சிரித்தார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. வருசக் கடைசிக்குள் வட்டம் வராவிட்டால் இதை நிறுத்திவிட்டு வேறு தலைப்பு எடுக்கும்படி அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் சொல்லிவிட்டாராம். வேறு தலைப்பு என்றால் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அதே தொழுவின் மண்ணிலிருந்து அக்கம்பக்கத்துக் கிருமிகளைக் கொண்டுவந்து இதோடு சேர்த்து வளர்ப்பது. பக்கத்தில் எதிராளி இருந்தால் சண்டைக்கு எழுந்திருக்கும் என்பது கணக்கு.

அந்த விவசாயிக்கு நான்தான் முந்தின நாளே போன் செய்தேன். “நாளைக்கு மேடம் வாராங்க. அதே தொழுவுல மண்ணு வேணுமாம்.”

எங்கள் பக்கம் அதிகாரி யாராவது வந்தால் அவருக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் வந்துவிடும். சாக்கடை ஓரம், பள்ளிக்கூட வாசல் என்று எல்லா இடத்திலும் வெள்ளைக் கோடு போடுவார்கள். அந்த விவசாயி வீட்டிலும் அதுதான் நடந்தது. மாடுகளை வெளியே கட்டி, தொழுவைச் சுரண்டிக் கூட்டி, பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிய பவுடரை ஒரு இடம் விடாமல் கொட்டியிருந்தார்கள். வேனை விட்டு இறங்கும்போதே நெடி மூக்கில் ஏறியது.

மேடம் வாசலிலேயே நின்றுவிட்டார். “ஐயோ அக்கா, என்ன பண்ணிட்டீங்க? இது போட்டா மண்ணுல எல்லாம் செத்துருமே!”

“நல்லாருக்கே! படிச்ச புள்ள இம்புட்டுத் தூரம் வாரீக, சாணி நாத்தத்துல நிக்க வைக்கவா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“கோடு மட்டும் போடுடின்னுதான் சொன்னேன். மூட்டையவே கவுத்திட்டா,” என்றார் அவர் கணவர்.

“ஆமா, இவரு சொன்னாரு! மூட்டைய தூக்கியாந்து குடுத்ததே நீருதான்யா.”

மேடம் தொழுவின் ஓரத்தில் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினார். வெள்ளை கொஞ்ச ஆழம் வரை கரைந்து இறங்கியிருந்தது. நான் அடியில் தோண்டினேன். கல்தளம் தட்டியது. அந்தம்மா மோர் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மேடம் கேட்டார்.

“சுரண்டின மண்ண எங்கக்கா கொட்டுனீங்க?”

“எங்க கொட்டுவாக? தென்னைக்குத்தான்.”

“பவுடர் போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான். கூட்டாம போடுவாகளா?”

தென்னந்தோப்பு தொழுவுக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரு மரத்து மூட்டில் தொழுவின் மண் ஈரம் காயாமல் குவிந்து கிடந்தது. மேடம் என்னை மண்வெட்டி போட விடவில்லை. தானே மண்டி போட்டுப் பை பையாக அள்ளினார். தென்னையின் மண்ணும் அதில் கலந்திருக்கும், பழைய சேர்மானம் அப்படியே இருக்காது என்று சொல்லிக்கொண்டே அள்ளினார். திரும்பும் வழி முழுக்கப் பைகளை மடியிலேயே வைத்திருந்தார்.

பிறகு ரொம்ப நாள் கூப்பிடவில்லை. நானும் வேறு வண்டிக்கு மாறலாமா என்ற யோசனையில் இருந்தேன். ஒரு நாள் நிலக்கோட்டையில் பூ மூட்டைக்குக் காத்திருந்தபோது போன் வந்தது.

“அண்ணே, வட்டம் வந்துருச்சு! அந்தத் தென்னமரத்து மண்ணுல கெடச்ச ஒரு கிருமிய பக்கத்துல வச்சதும் பழையபடி கொல்லுது.”

“அப்ப மருந்து வந்துருச்சா மேடம்?”

“எங்கண்ணே! அது விடுற சரக்கு என்னன்னே இனிமேதான் பிரிச்சுப் பாக்கணும். ஏற்கெனவே கடையில விக்கிற மருந்தாவே இருக்கலாம். புதுசா இருந்தா எலிக்குக் குடுக்கணும், அப்புறம் மனுசங்களுக்கு. எத்தன வருசமோ. முக்காவாசி நடுவுலயே போயிரும்.”

“அப்புறம் எதுக்கு இம்புட்டு சந்தோசம்?”

“சார் தட்ட பாத்தாருண்ணே. இதையே தொடர்ந்து செய்யின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.”