ரிங்குக்குள் நான் முணுமுணுத்தது

எழுபதுகளின் தொடக்கம். நந்தனத்தில் ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு, நடுவில் ரிங் கட்டி, நம் ஊர் அமெச்சூர் குத்துச்சண்டை அணிக்கும் சிலோனிலிருந்து வந்த அணிக்கும் போட்டி வைத்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அசோக் நகரில் வீடு. பாண்டி பஜார் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் கல் பதிக்கிற வேலை. பகலெல்லாம் கடுகளவு கல்லைக் குனிந்து பார்ப்பவன், சாயங்காலமானால் போய் மூஞ்சியில் குத்து வாங்குவானேன் என்று அம்மா ஓயாமல் கேட்பாள். எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

என் எடைப் பிரிவில் எனக்கு எதிராக வந்தவருக்கு முழுக்க முழுக்க வெள்ளைக்காரப் பெயர். நடுவரோடும் தன் ஆட்களோடும் இங்கிலீஷில்தான் பேசினார். எங்களுக்குக் குத்துச்சண்டை பழக்கிய வாத்தியாருக்கு ஒரே குஷி.

"நைனா, நான் தமிழ்லயே கத்தறேன். அவனுக்கு ஒரு மண்ணும் புரியாது. நீ காதை மட்டும் என் பக்கம் வச்சுக்க" என்றார்.

ரவுண்டு நடக்கும்போது வெளியிலிருந்து கத்தக் கூடாது என்பது விதி. எங்கள் வாத்தியாருக்கு விதியெல்லாம் மணி அடிக்கிற வரைக்கும்தான். "இன்னா பாத்துக்கினு கீற? வயித்துல வுடு! கை எறங்குது பார், வுடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் சொன்ன இடத்திலெல்லாம் நான் குத்தினேன், குத்தெல்லாம் விழுந்தது. முதல் ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்தபோது, அடுத்து வெளிநாடு போகிற அணியில் எனக்கு இடம் நிச்சயம் என்று நினைப்பு எங்கேயோ போய்விட்டது.

இரண்டாவது ரவுண்டில் எல்லாம் தலைகீழ். வாத்தியார் வயிறு என்றால் அந்த ஆளின் முழங்கை அங்கே இறங்கியது. தாடை என்றால் அங்கே கையுறை காத்திருந்தது. இது என்ன மாயம் என்று நான் குழம்பி நின்ற நேரத்தில் அவருடைய வலது கை என் இடது கண்ணில் வந்து இறங்கியது.

பளீரென்று ஒரு மின்னல். அது அடங்கியதும் பார்த்தால் எதிரில் இரண்டு பேர் நின்றார்கள். எவனைக் குத்துவது? சட்டென்று பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தோளில் தலையைச் சாய்த்தபடி எனக்கு நானே புலம்பினேன்: "ஐயோ, ரெண்டா தெரியிறானே... கண்ணு போச்சே... சொன்னா நிறுத்திடுவாங்களே... எப்படியாவது மணி அடிக்கிற வரைக்கும் தாக்குப் பிடிச்சுடணும்..."

நடுவர் எங்களைப் பிரித்துவிட்டார். என் கை தளர்ந்து இறங்கிவிட்டது எனக்கே தெரிந்தது. அடுத்த குத்து அதே கண்ணுக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

குத்து வரவில்லை. அவர் பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் தொங்கப் போட்டு, நடுவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நடுவர் என் முகவாயைப் பிடித்து விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். நான் குத்துமதிப்பாக ஒன்றைச் சொன்னேன், அது தப்பு. டாக்டர் மேலே ஏறி வந்தார். ஆட்டத்தை நிறுத்தி, சிலோன்காரர் கையை உயர்த்திவிட்டார்கள். கை நோகாமல் ஜெயித்துக்கொண்டு போய்விட்டான் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

என்னை நேரே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளே விழித்திரை கிழிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு அடி பட்டிருந்தா இந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான். இப்பவே வந்ததால காப்பாத்திடலாம்" என்றார். என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எந்தப் பட்டறையில் கல் பதிப்பது?

இரண்டு கண்களையும் கட்டி, தலையை அசைக்கக் கூடாது என்று படுக்கப் போட்டார்கள். பந்தலுக்கு வந்து போட்டியைப் பார்த்திருந்த அம்மா, மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸ் சத்தம் ஒன்று கட்டிலருகே வந்து நின்றது.

"வந்துட்டான் பார், உன்னைக் குத்தின கட்டையில போறவன். கோட்டு வேற மாட்டிக்கினு வந்து நிக்கறான்" என்றாள் அம்மா, சத்தமாகவே.

"ஏசாதேங்கோ அம்மா" என்றது ஒரு குரல். "போட்டி எண்டால் அடிக்கத்தானே வேணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்! நம் ஊர்த் தமிழ் இல்லை, ஆனாலும் தமிழ். தனக்கு யாழ்ப்பாணம் என்றார். குடும்பம் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், அதனால்தான் அந்தப் பெயர்.

"உங்கட மகன் ரெண்டாத் தெரியுது எண்டு என்ர காதுக்குள்ளதான் சொன்னவர். கேட்ட பிறகு எப்பிடி அம்மா அடிக்கிறது?"

அம்மா, "தமிழ்ப் புள்ளையா நீ! தெரியாம வாய் வுட்டுட்டேன் ராசா" என்று, எனக்காக உரித்துக்கொண்டிருந்த சாத்துக்குடியை அவர் கையில் திணித்தாள் போலிருக்கிறது. சுளையை மென்றுகொண்டே அவர் சொன்னார்:

"உங்கட மாஸ்டர் கத்தினது தமிழ்தான் எண்டு முதல் ரவுண்டு முடியேக்கதான் எனக்குப் பிடிபட்டது. 'வுடு' எண்டால் என்ன எண்டு யோசிச்சு யோசிச்சே வயித்தில நல்லா வாங்கிப் போட்டன்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தலையை ஆட்டாதே என்று நர்ஸ் அதட்டினார். அன்று சாயங்காலம் அவர்களுக்கு ரயில். என் கையை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு நான் அவரைச் சந்திக்கவே இல்லை.

சில வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தார்கள். பயந்து பயந்து கண்ணைத் திறந்தேன். முதலில் தெரிந்தது அம்மாவின் மூக்குத்தி. ஒரே ஒரு மூக்குத்தி! வெட்கமில்லாமல் வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதேன்.

அதற்கப்புறம் கையுறை மாட்டவில்லை. பட்டறையே கதி என்று இருந்துவிட்டேன். நான் ஜெயித்த பந்தயங்கள் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து நழுவிவிட்டன. முகம்கூட மறந்துபோன அந்த யாழ்ப்பாணத்துக்காரர் குத்தாமல் விட்ட ஒரே ஒரு குத்துதான், இத்தனை வருஷமாக என் வீட்டுக்குச் சோறு போட்டிருக்கிறது.