சீமெந்து பூசின பள்ளிக்கூடம்

காலையில் பனியில் விளையாடி வரும் பிள்ளைகள் நனைந்த கையுறைகளைக் கண்ட கண்ட இடத்தில் எறிந்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். மத்தியானம் பார்த்தால் அவரவர் கொளுவியில் அவரவர் கையுறை காய்ந்து, இளஞ்சூட்டோடு தொங்கும். யார் செய்கிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. சமையலறையில் வேலை செய்த பாமாவுக்கு மட்டும் தெரியும். கீழே நிலக்கரி அடுப்பு இருந்த அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, கட்டிடத்தைப் பராமரிக்கிற உமாபதிதான் ஒவ்வொன்றாய்க் காயப் போடுவார்.

உமாபதியும் பாமாவைப் போல யாழ்ப்பாணத்து ஆள். கப்பலில் வேலைக்கு வந்து ஜெர்மனியில் ஹம்பர்க்கில் இறங்கினவர், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டில் டோர்ட்மண்டுக்குத் தெற்கே இந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அது எப்போதோ ஒரு பண்ணைக்காரர் கட்டின வீடு. ஓக் மரச் சட்டங்கள், நடுவே களிமண்ணும் வைக்கோலும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, படிக்க இடமில்லாமல் நின்ற பிள்ளைகளுக்காக அதைப் பள்ளிக்கூடம் ஆக்கினார்கள்.

மாரிக் குளிரில் சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவால் காற்று ஊசியாய்க் குத்தும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் மேலங்கியோடு இருந்து எழுதுவார்கள். உமாபதிக்கு அது பொறுக்கவில்லை. ஊரில் சுவர் வெடித்தால் சீமெந்துதானே? அறுபத்தொன்பது கோடை விடுமுறையில், ஒருவரையும் கேளாமல், இடுக்கு ஒன்று விடாமல் அடைத்து, மரத்துக்கும் தடிப்பாய் எண்ணெய் வர்ணம் பூசினார்.

"என்ன அண்ணை, கலியாண வீடோ?" என்று பாமா சிரித்தாள்.

"ஓம், நீங்கள் பலகாரத்தைச் சுடுங்கோ."

அந்த மாரி பிள்ளைகள் மேலங்கியைக் கழற்றினார்கள். உமாபதி முருகனுக்கு இரண்டு திரி கூடப் போட்டு விளக்கேற்றினார்.

எழுபத்தாறு பங்குனியில் மேல்மாடி வகுப்பின் தரை சரிந்தது. தச்சர் வந்து சட்டத்தில் உளியைக் குத்தினார். பிடிவரை இறங்கியது. உள்ளே மரம் தேத்தண்ணியில் ஊறின பாண் மாதிரி. உள்ளே இறங்கின மழைத்தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நின்று, வீடு முழுக்கச் சட்டத்தைத் தின்றிருந்தது. சும்மா மண்ணாய் விட்டிருந்தால் காய்ந்திருக்குமாம்.

"ஆர் இதை அடைச்சது?" என்று தச்சர் கேட்டார்.

தலைமை ஆசிரியை புதிசு, அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா இருங்கோ என்று பாமா உமாபதிக்குக் கண்ணைக் காட்டினாள்.

"நான்தான்," என்றார் உமாபதி.

ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அந்த மனிதருக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். ஈஸ்டரோடு பள்ளிக்கூடத்தை மூடி, வீட்டை இடிக்க நாள் வைத்தார்கள். பிள்ளைகளும் பாமாவும் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு. உமாபதிக்கும் அங்கே இடம் இருந்தது. அவர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கடைசி நாள் பஸ் தரிப்பில் பாமா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்லதை நினைச்சுத்தானே செய்தனீங்கள், அண்ணை. ஆண்டவனுக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும், தங்கச்சி. மரத்துக்குத் தெரியாதே." ஒரு காகிதப் பையை அவள் கையில் வைத்தார். "மூண்டு சோடி கையுறை மிஞ்சிப் போச்சு. பிள்ளையளிட்டைக் கேட்டுக் குடுங்கோ. நான் தந்ததெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."