புற்று இல்லை என்றார்கள்

என் தங்கை பருத்தித்துறையில் கணித ஆசிரியை. கல்யாணம் வேண்டாமென்று கரவெட்டியில் என்னோடுதான் இருந்தாள். போன வருடம் படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இடப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. தொய்வு, ஆஸ்துமாதான் என்று நினைத்து ஆவி பிடிக்க வைத்தேன். வகுப்பில் ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் யாழ்ப்பாணத்தில் இருதயத்தை ஸ்கான் செய்தோம். இடது மேலறைக்குள் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது.

"புற்றுநோயோ, டொக்டர்?"

"இல்லை. உது பரவாத கட்டி. ஆனால் இருக்கிற இடம் இருதயம். ஒரு துண்டு உடைஞ்சு மூளைக்குப் போனால் ஆபத்து. கெதியா எடுக்கவேணும், தள்ளிப்போடக்கூடாது. கொழும்புக்கு எழுதித் தாறன்."

அந்த "இல்லை"க்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் மனதில் தங்கவில்லை. நேரே வீட்டுக்குப் போகாமல் மருதனார்மடத்துக்குப் போய் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினோம். பஸ்ஸில் வடையைக் கடித்தபடி தங்கை சொன்னாள்:

"பிள்ளையளுக்குச் சோதினை வருது. அது முடியட்டும், அண்ணை. பிறகு போவம்."

"சரி, பிள்ளை" என்றேன். கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, அவர்கள் குறித்த ஒப்பரேசன் நாளைத் தள்ளிப்போட்டதும் நான்தான்.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சோக் விழுந்ததாம். குனிந்து எடுக்கப் பார்த்தாளாம், வலது கை வரவில்லையாம். "என்ன ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்க, இவள் வாயிலிருந்து சத்தம்தான் வந்ததாம், சொல் வரவில்லையாம்.

பிறகு கொழும்பில் கட்டியை முழுதாக எடுத்தார்கள். இனி இருதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். அது உண்மைதான். கைதான் திரும்பி வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் வந்தது: ஆமென்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம். பசித்தாலும் ஓம், பசிக்காவிட்டாலும் ஓம்.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று பிள்ளைகள் லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். "ரீச்சர், எனக்குக் கணக்குக்கு ஏ" என்று ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்தாள். "ஓம், ஓம்" என்று இவள் அழுதாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அந்தப் பிள்ளைகளும் அழுதார்கள்.

அவர்கள் போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டேன். அவ்வளவு நாளும் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும். என்னிலை கோவமோ, பிள்ளை?"

"ஓம்" என்றாள்.

உடனே பதறிப்போய் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். என் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, முகம் சிவக்க மறுபடியும் சொல்லிப் பார்த்தாள்.

"ஓம்" என்றுதான் வந்தது.