பஜேரோவின் பிரேக்கும் தாட்சாயணியின் கோபமும்

தாட்சாயணி கோபக்காரி என்று சித்தூரில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. கோபம் அவளுக்கு வரும், ஆனால் அது செல்லுபடியாவது ஆலையில் மட்டும்தான். மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஆலையில் பழம் பொறுக்கும் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். அழுகல் பழம் ஒன்று பெல்ட்டில் போய்விட்டால், "நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கொடுப்பாள். பெல்ட் நின்றுவிடும். மேனேஜரே வந்து நின்றாலும் அவள் சொல்லாமல் மறுபடி ஓடாது. வீட்டில் அதே குரலுக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வீட்டுக்காரர் முனிரத்தினம் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஊரில் ஒருவரிடமும் கெட்ட பேர் வாங்கியதில்லை. ஒரே ஒரு வியாதி, பெண்டாட்டி சொல்வது காதில் ஏறாது. அவர் செவிடு இல்லை. அதே விஷயத்தை எதிர்வீட்டுக்காரர் சொன்னால் ஏறும். டீக்கடையில் பேர் தெரியாத எவனோ சொன்னால்கூட ஏறும், வீட்டுக்கு வந்து அதை இவளுக்கே பாடம் எடுப்பார்.

குடிபாலா பக்கத்துத் தோப்புகளுக்கு மழைக்காலத்தில் சாதாரண வண்டி போகாது, சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகக் குப்பம் என்ற ஊரில் ஒரு கிரானைட் வியாபாரியிடமிருந்து பழைய பஜேரோ ஒன்றை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அது வாசலுக்கு வந்த நாளிலிருந்து மனிதரின் நடையே மாறிப்போனது. மாதம் ஒரு தரம் அதில்தான் திருமலைக்குப் போவது என்று வேண்டிக்கொண்டார். தெய்வத்துக்கா வண்டிக்கா அந்த வேண்டுதல் என்பது தாட்சாயணிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மலையிலிருந்து இறங்குகிற பாதையில் ஒரு ஏற்பாடு உண்டு. மேலே புறப்படும்போது சீட்டில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதற்கென்று வைத்திருக்கும் நேரத்துக்கு முன்பாகக் கீழே வந்து நின்றால், வேகமாக வந்தாய் என்று அபராதம். ஜனங்கள் நிதானமாக வரட்டும் என்பதற்காகச் செய்தது. நம் ஆட்கள் நிதானமாக வருவார்களா? பறந்துதான் வருவார்கள். வந்து, கீழே சீட்டைச் சரிபார்க்கும் கேட்டுக்குச் சற்று மேலேயுள்ள வளைவுகளில் ஓரங்கட்டி நின்று மிச்ச நேரத்தைக் கழிப்பார்கள். முனிரத்தினம் இந்த வித்தையில் கை தேர்ந்தவர். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து, முன்னால் போகிற வண்டிகளையெல்லாம் தாண்டி வந்து, கடைசிச் சரிவில் பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே நின்றுகொண்டு, பின்தங்கி வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். ஹேண்ட் பிரேக்கைத் தொடமாட்டார். அது பயந்தவர்களுக்கு என்பது அவர் கட்சி.

பக்கத்து சீட்டில் தாட்சாயணி உட்கார்ந்திருப்பாள். கருகல் நெடி அவள் மூக்கில்தான் ஏறும்.

"ஏங்க, கரிஞ்ச வாசன வருதுங்க. இறங்கும்போதே சின்ன கியர்ல வாங்க. நின்னா ஹேண்ட் பிரேக் போட்டுட்டு கால எடுத்துடுங்க" என்று முதல் தடவையே சொன்னாள். "காஞ்ச தோசைக்கல்லுல மாவ ஊத்திட்டு அப்டியே வுட்டா ஒட்டிக்கினு வராது இல்ல? அந்த மாதிரி இன்னாவோ உள்ள ஒட்டிக்குது."

"உனக்கு இன்னாமே தெரியும்? பேசாம உக்காரு."

பேசாமல் உட்கார்ந்தாள். சில மாதங்களில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்பு வட்டு, அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடு, இந்த இரண்டும்தான் அந்த வண்டியின் பிரேக். வட்டு வளைந்துவிட்டது, டிஸ்க்கையும் பேடையும் மாற்ற வேண்டும் என்றார் சித்தூர் மெக்கானிக். மாற்றினார்கள். மறுபடியும் உதறியது. கடைக்காரன் டூப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்று முனிரத்தினம் குதித்தார். அடுத்த ஜோடியும் வந்தது. அதுவும் உதறியது. ஒவ்வொரு முறை மலையிறங்கும்போதும் தாட்சாயணி சொன்னாள். கெஞ்சிச் சொன்னாள், எரிந்து விழுந்து சொன்னாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டும் சொல்லிப் பார்த்தாள்.

போன மாதம் வந்தது வினை. மகள் அக்ஷயா திருப்பதியில் குடியிருக்கிறாள், ஸ்ரீசிட்டியில் வேலை. கைக்குழந்தையோடு அவளும் வண்டியில் வந்திருந்தாள். இறங்கும்போது முன்னால் போன வேன் ஒரு வளைவில் சட்டென்று நின்றது. முனிரத்தினம் பிரேக்கை மிதித்தார். ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொள்கிற அளவுக்கு உதறி, வண்டி ஓரத்துச் சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் போய் நின்றது. அக்ஷயாவின் மடியிலிருந்த குழந்தை நழுவி முன்சீட்டின் முதுகில் நெற்றி இடித்துக் கீழே விழுந்தது. அது வீறிட்டு அலறியது. தாட்சாயணி குழந்தையை வாரியெடுத்து நெற்றியைத் தேய்க்கிறாள், அக்ஷயா அழுகிறாள், முனிரத்தினம் என்ன செய்தார் தெரியுமா? கீழே இறங்கிப் போனை எடுத்து, திருப்பதி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கோகுலகிருஷ்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். குழந்தையின் நெற்றி என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு உள்ளே இறங்கிய கோபம் அதன் பிறகு தணியவே இல்லை. வருகிற சனிக்கிழமை குழந்தைக்கு மலையில் முதல் மொட்டை. அதே வண்டி, அதே இறக்கம், அதே கால். புது டிஸ்க் வாங்க முனிரத்தினம் திருப்பதிக்குக் கிளம்பியபோது, "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கடையில உனக்கு இன்னா வேல?"

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப். பழைய டிஸ்க்கையும் பேடையும் அங்கே கழற்றி எடுத்துக்கொண்டு வந்து முனிரத்தினம் கடை மேஜைமேல் தடாலென்று போட்டார். தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாக வாய்க்கு வந்தபடி பேசினார். கோகுலகிருஷ்ணன் பொறுமைக்காரர். முழுவதும் கேட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து இரண்டு தினுசு டிஸ்க்குகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று சாதா டிஸ்க். இன்னொன்று முகமெல்லாம் துளை போட்டுப் பளபளவென்று இருந்தது. முனிரத்தினத்தின் கண் நேராகத் துளை போட்டதற்குப் போனது.

"யூட்யூப்ல பாத்துட்டேன். ஓட்டை இருந்தா காத்து பூந்து சூடு எறங்கிடும். இதையே குடு."

"வேணாம் சார். கனமான வண்டி, மலை ரோடு. ஓட்டை பக்கத்துல விரிசல் வுடும். மட்டமான சரக்குல இன்னும் மோசம். உங்க வண்டிக்கு இந்த சாதா டிஸ்க்கே போதும், தடிமன் மட்டும் சரியா இருக்கணும்."

"பேடு எப்டி?" என்று தாட்சாயணி கேட்டாள். "தோப்புச் சேத்துலயும் போவுது, மலையும் எறங்குது. தண்ணி பட்டாலும் பிடிக்கணும், சூடும் தாங்கணும். ரெண்டுக்கும் எது சரிப்படும்?"

கோகுலகிருஷ்ணன் முனிரத்தினத்தைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல கேள்வி சார். மெட்டல் கலந்த பேடு இருக்கு, கொஞ்சம் சத்தம் வரும், ஆனா ரெண்டுக்கும் ஆவும். ரேஸுக்குப் போடுற பேடு வேணாம், அது சூடேறினாதான் பிடிக்கும்."

கேட்டது அவள், பதில் போனது அவருக்கு. தாட்சாயணி பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேரையும் அந்த மேஜையோடு சேர்த்துத் தூக்கி நடுத்தெருவில் வைத்தால் என்ன என்று தோன்றியது.

அப்போதுதான் கோகுலகிருஷ்ணன் பழைய டிஸ்க்கைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினார். வட்டின் முகத்தில் ஒரு இடத்தில் மட்டும் கறுப்பாகத் தழும்பு. பழைய பேடை எடுத்து அதன்மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

"இது வளையல சார். டிஸ்க்கு கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது எங்கயோ பிரேக்க அமுத்திக்கினு நிக்கிறீங்க. பேடு கரைஞ்சு அந்த எடத்துலயே ஒட்டிக்குது. அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் அந்த எடம் வந்து இடிக்கும், உதறும். எந்தக் கம்பெனி டிஸ்க்கு போட்டாலும் இதே கதைதான்."

முனிரத்தினம் தழும்பைப் பார்த்தார். பேடைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த வீம்பு அப்படியே இறங்கியது.

"அட! ஆமா சார். கீழ் வளைவுல நேரம் ஆவட்டும்னு நிப்போம் சார். கால எடுக்காம நிப்பேன். இதுவா சார் மேட்டரு?"

"அவுனு சார், அதேதான். சின்ன கியர்ல மெதுவா எறங்குங்க, பிரேக்குக்கு வேலையே இல்ல. நிக்கணும்னா ஹேண்ட் பிரேக் போட்டுட்டு கால எடுத்துடுங்க."

"கரெக்ட்டு சார். இத்தினி நாளா ஒருத்தனும் சொல்லலியே சார்! காப்பி சாப்டுறீங்களா?"

தாட்சாயணி அவர் தன் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தாள். ஒரு பார்வை போதும், அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அவர் காப்பி சொல்லப் போனார். சாதா டிஸ்க்கையும் மெட்டல் கலந்த பேடையும் எடுத்து வைக்கச் சொல்லி, பெட்டிமேல் இருந்த எண் வண்டிக்குச் சரிதானா என்று ஒத்துப்பார்த்தது அவள்தான்.

மாட்டி முடித்துச் சித்தூருக்குத் திரும்பினார்கள். புது பிரேக் படிய வேண்டும் என்று முனிரத்தினம் பூப்போல மிதித்து ஓட்டினார். சந்திரகிரி தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மே, இப்ப ஒரு விஷயம் புரிஞ்சுபோச்சு. சூடான இரும்புமேல பேட அமுத்தி வெச்சா ஒட்டிக்கும். உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு. தோசைக்கல்லு இருக்குது இல்ல, காஞ்ச கல்லுல மாவு..."

"நிறுத்து."

கல்யாணமானதிலிருந்து அவரை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். ஆலையில் பெல்ட்டை நிறுத்துகிற குரலில் அந்த ஒற்றை வார்த்தை வந்ததும் முனிரத்தினம் அரண்டுபோய் ஓரங்கட்டினார்.

"இத யாரு சொன்னா?"

"கோகுலகிருஷ்ணன் சொன்னாரு. நீயுந்தான் கேட்டுக்கினு நின்னியே."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி யாரு சொன்னா? யாரும் சொல்லல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. சொன்னது நினைவிருந்து இல்லை என்று சாதித்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். அவர் முகம் பச்சைப்பிள்ளை முகமாக இருந்தது. இத்தனை மலையிறக்கங்களில், இத்தனை தடவை சொன்னதில், ஒரு சொல்கூட அந்த மண்டைக்குள் போய்ச் சேரவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் காற்றிடமா பேசிக்கொண்டிருந்தாள்?

"சனிக்கிழமை நானும் அக்ஷயாவும் புள்ளயும் பஸ்ஸுல போறோம்."

"பைத்தியமா உனக்கு? புது டிஸ்க்கு போட்டாச்சு. இனிமே ஒழுங்கா எறங்கப்போறேன். இன்னா பயம்?"

"கரியுது, கால எடுன்னு நான் கத்தினது உன் காதுல வுழல. நாளைக்கு நடு மலையில புள்ள வுழுந்துட்டான், நிறுத்துன்னு கத்தினா மட்டும் வுழுமா? அதுக்கும் கோகுலகிருஷ்ணனக் கூட்டிக்கினு வரணுமா?"

முனிரத்தினம் வண்டியைக் கிளப்பினார். அடுத்த நாட்களில் அவளாகப் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், கேட்டதற்கு ஆமாம் இல்லை என்றாள். அவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டியைக் கழுவினார். ஹேண்ட் பிரேக் கம்பியை இறுக்கிவிட்டதாக, யாரிடமோ சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமையே மகள் வீட்டுக்குப் போய்விட்ட தாட்சாயணி, சனிக்கிழமை விடிந்ததும் திருப்பதியில் மலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பேரன் மடியில் இருந்தான். பக்கத்தில் அக்ஷயா. முனிரத்தினம் பஜேரோவை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, பஸ்ஸை நோக்கி ஏறக்குறைய ஓடிவந்தார். வேட்டி ஒருபக்கம் இழுபட்டிருந்தது. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றவருக்கு மூச்சு வாங்கியது. மனிதர் ராத்திரி தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவளுக்கு மனசு லேசாக இளகியது. இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தாள். குழந்தையின் பையைக் கையில் எடுத்தும் விட்டாள்.

"இந்தாமே, தப்பு என்னுதுதான்" என்றார் அவர். நிஜமான வருத்தம், அதில் சந்தேகமே இல்லை. "முதல் தடவையிலேர்ந்தே நீ அதத்தான் சொல்லிக்கினு இருந்திருக்க. கால எடுக்கச் சொல்லி, ஹேண்ட் பிரேக் போடச் சொல்லி. எனக்குத் தெரியவே தெரியாதுமே. நேத்து ராத்திரி போன்ல அக்ஷயா சொல்லித்தான் தெரிஞ்சுது."

தாட்சாயணி பேசினாள் என்பதையும் இன்னொருத்தர் சொல்லித்தான் இந்த மனிதர் நம்பியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸிலிருந்து அவள் இறங்கி வருவாள் என்று ஆசையோடு நிற்கிறார்.

பையை மறுபடி காலடியில் வைத்தாள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.