வாய்விட்டுச் சொன்ன நூருன்னிசா அக்கா

அக்கா இறந்த செய்தியைக் கொண்டுவந்தவர் அவருடைய மருமகன், மகள் மும்தாஜின் கணவர். திண்டிவனத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் வாத்தியார். பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் சைக்கிளை எங்கள் வாசலில் நிறுத்தினார். "மாமி மவுத்தாயிட்டாங்க. மும்தாஜ் அங்கதான் இருக்கா. அடுத்த வண்டிக்கு விழுப்புரம் போறேன், வர்றீங்களா?" என்றார். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

விழுப்புரத்தில் நூருன்னிசா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. கணவர் ரயில்வேயில் கார்டு. "அவர் கொடி காட்டினா வண்டி நகரும், அந்தம்மா குரல் குடுத்தா தெருவே நகரும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். திண்டிவனத்துக்குக் குடிவருவதற்கு முன், நான் விழுப்புரத்துக்கு மருமகளாகப் போனபோது அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. மீன்காரியிடம் பேரம் பேசுகிற சத்தத்தில்தான் எனக்குப் பல நாள் விடிந்திருக்கிறது.

மூத்தவன் பிறந்து, நாற்பதாம் நாள் தலைக்குக் குளித்து எழுந்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தை அழுதால் யார் வீட்டுக் குழந்தையோ அழுவதுபோல இருக்கும். கிணற்றடிக்குப் போனால் திரும்பி வரமாட்டேனோ என்று என்னைக் கண்டே எனக்குப் பயம். மாமியார் கெட்டவரல்ல. எனக்காக நோன்பு வைத்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து தன் கையால் புகட்டினார். எதிலும் நான் தெளியவில்லை. அப்போதுதான் மாமியாரின் தங்கை வந்து, இது ஷைத்தானின் வேலை, தூரத்தில் ஒரு தர்காவில் சங்கிலி போட்டு விட்டால் இறங்கிவிடும் என்றார். மறுநாளுக்கு வண்டி பேசியாயிற்று. குழந்தை இங்கேயே இருப்பதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் அக்கா வந்தார். கூடத்தில் மாமியாரும் அவர் தங்கையும் இருந்தார்கள். அந்தத் தங்கையின் மகனுக்குத்தான் அக்காவின் மகள் மும்தாஜைப் பேசி முடித்திருந்தார்கள். அக்கா என் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, "தூங்கி எவ்ளோ நாளாச்சு?" என்றார். அதுவரை எல்லோரும் என்னைப் பற்றிப் பேசினார்களே தவிர, என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். கிணற்றைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

அக்கா மாமியார் பக்கம் திரும்பினார். "இது ஷைத்தான் இல்ல, நோவு. மும்தாஜ் பொறந்தப்ப எனக்கும் வந்துச்சு. எங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கேன்னு அப்ப ஊர்ல சொன்னாங்களே, நான் மெட்ராசுல பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருந்தேன். நல்லாயிட்டுத்தான் வந்தேன்."

மாமியாரின் தங்கை எழுந்துவிட்டார். "இத மறைச்சிட்டா எங்ககிட்ட சம்பந்தம் பேசுனீங்க?"

"மறைச்சது தப்புதான். மும்தாஜுக்கு வேற மாப்பிள்ளை வருவான். இந்தப் பொண்ணு போயிட்டா இந்தப் புள்ளைக்கு வேற அம்மா வருவாளா?"

மாமியார் அரண்டுபோய் ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து வாசலில் நின்றபடியே எல்லாம் கேட்டார். "ஓதறத நான் ஓதிக்கினு இருக்கேன். வைத்தியம் பார்க்கறதும் கடமைதாம்மா. மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போங்க" என்றார். மறுநாள் வந்த வண்டி எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. மெட்ராஸ் வரைக்கும் குழந்தை அக்காவின் மடியில்.

மாத்திரைக்கு நோவு கட்டுப்படப் பல வாரங்கள் ஆயின. அத்தனை வாரமும் மத்தியானத்தில் அக்கா வந்துவிடுவார். வேகவைத்த மல்லாட்டையை மடியில் கொட்டி, கடலையை உரித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். "இன்னிக்கு தலை வாரிக்க. அதான் இன்னிக்கு வேலை. மத்தத நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். ஒருநாள் அவர் சொன்ன கதைக்கு நான் சிரித்துவிட்டேன். சத்தம் கேட்டுக் குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தான். நானாகவே அவனைத் தூக்கிக்கொண்டேன்.

மும்தாஜின் சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. மும்தாஜ் மாதக்கணக்கில் தாயிடம் பேசவில்லை. நான் போய் அழுதபோது, "நீ வேற அழுது பேஜாரு பண்ணாத. அவ கோவம் ஞாயமான கோவம். ஆறுற வரைக்கும் நான்தான் தாங்கணும்" என்றார். எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை.

பிறகு திண்டிவனத்திலிருந்து இந்த வாத்தியாரின் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். "மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க, அப்புறமா டீ குடிங்க" என்று அக்கா ஆஸ்பத்திரிக் கதையை ஒன்று விடாமல் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனார் முழுக்கக் கேட்டுவிட்டு, "சொல்லிட்டீங்க இல்ல, ஜல்தியா குடுங்கம்மா, ஆறிடப்போவுது" என்று கையை நீட்டினார். உள்ளே என் பக்கத்தில் நின்றிருந்த மும்தாஜ் அன்றைக்குத்தான் "அம்மா" என்றாள்.

கதை ஊர் முழுக்கப் பரவியதில் அக்கா பயந்த மாதிரி வேறு யாரும் ஒதுங்கவில்லை. துப்பட்டி போர்த்திக்கொண்டு பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். கண்டாச்சிபுரத்திலிருந்துகூட வந்தார்கள். சிலருக்கு டாக்டர் தேவைப்பட்டது. பலருக்கு, குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரு ஆள் போதுமாக இருந்தது.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனபின் மும்தாஜ் என் தோளில் சாய்ந்தாள். "முந்தாநாள்கூட ஒருத்தி வந்தா, அக்கா. அம்மாவுக்கு மூச்சு வாங்குது, அப்பவும் எழுந்து உக்காந்து கேட்டுக்கினு இருந்தாங்க. இனிமே வர்றவங்கள நான் இன்னா சொல்லி அனுப்பறது?"

"திண்டிவனத்துக்கு ரயிலேறச் சொல்லு" என்றேன்.

அக்காவின் பொருள் எதையும் நான் கேட்கவில்லை. அவரைத் தேடி வருகிறவர்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன வாரம்தான் முதல் ஆள் வந்தாள். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண். பாய் விரித்து உட்காரவைத்தேன். வேகவைத்த மல்லாட்டையை அவள் பக்கம் தள்ளி, நானும் உரித்தேன். அவசரப்படுத்தவில்லை. பிறகு பேச ஆரம்பித்தாள்.

அல்லாஹ் எங்கள் அக்காவுக்கு நிம்மதியான உறக்கத்தைத் தரட்டும்.