வெர்லீன் ஸ்டக்கி ஆற்றுக்கு எடுத்த கயாக்

வெர்லீன் ஸ்டக்கியின் இடது முழங்கால் அம்மா அப்பா கொடுத்தது. வலது முழங்கால் போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் வைத்தது. இரண்டில் புதியதுதான் சொன்ன பேச்சு கேட்கிறது என்பாள். ஒரே குறை, மண்டி போட வராது. மண்டி போடாமல் அவளுடைய பழைய கனூ படகில் ஏற முடியாது.

முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். பின் சீட்டில் யார் யாரைக் கிள்ளினான் என்று தலையைத் திருப்பாமலே சொல்லுவாள். ஓக்லஹோமாவுக்கு மாடு பார்க்கப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டபோது, இவள் அழுவாளா என்று ஊரே காத்திருந்தது. இவள் தூண்டிலை எடுத்துக்கொண்டு கேஸ்கனேட் ஆற்றுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் ஆறுதான். வாரம் முழுக்க அத்தனை வாய்களைச் சுமந்தவளுக்கு யாரும் பேசாத ஒரு நாள் வேண்டியிருந்தது.

முழங்கால் மாற்றியதும் தம்பி டென்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இனிமே நீ தனியாப் போகவேண்டாம்க்கா. என் படகுல முன்னாடி உக்காந்துக்கோ. ராணி மாதிரி."

டென்சில் தீவனக் கடை வைத்திருப்பவன். அவன் விற்கும் மூட்டைகளில் மூன்றை அடுக்கி மேலே தொப்பி வைத்தால் அவனேதான். படகு தட்டையான அலுமினியப் படகு. ஒரு சனிக்கிழமை அவள் போய் உட்கார்ந்து பார்த்தாள். அவனுடைய ரத்தக் கொதிப்பு, மருமகனின் சோம்பல், சோள விலை எல்லாவற்றையும் மீன்களும் சேர்ந்து கேட்டன. அவள் தூண்டில் போட நினைத்த பாறையைப் பேச்சு மும்முரத்தில் தாண்டிப் போனான். மீனுக்குக் காதில்லை என்பவர்கள் அவன் படகில் போனதில்லை.

திங்கட்கிழமையே வெர்லீன் கயாக் என்கிற ஒற்றையாள் படகு வாங்கக் கிளம்பிவிட்டாள். டென்சிலும் ஒட்டிக்கொண்டான்.

கடைக்காரன் முதலில் காட்டியது பெடல் வைத்தது. சைக்கிள் மாதிரி மிதித்தால் போகும். டென்சில் அதைத் தடவிக் கொடுத்தான்.

"இதுல காபி வைக்க இடமிருக்கு பாரு. ரெண்டு இடம்."

"அடியில என்ன தொங்குது?" என்றாள் வெர்லீன்.

"அதாங்க தண்ணியத் தள்ளுற துடுப்பு. ஏரியில பிரமாதமா இருக்கும்" என்றான் கடைக்காரன்.

"நம்ம ஆத்துல ஆகஸ்ட்ல தண்ணி கணுக்கால் அளவு. இது கல்லைத்தான் தள்ளும்."

அடுத்தது நீளமானது. நேர்கோட்டில் அம்பு மாதிரி போகுமாம். "நீளமான வண்டிய வளைவுல திருப்புற கஷ்டம் எனக்குத் தெரியும் தம்பி. அதுக்குத்தான் சம்பளமே குடுக்கறாங்க" என்று அதையும் ஒதுக்கினாள். பிறகு ஒவ்வொரு கயாக்காக வால்பக்கம் பிடித்து, கடை வாசலில் வண்டிகள் நிறுத்தும் இடம் முழுக்க இழுத்துக்கொண்டு போனாள். பெடல் வைத்தது கன்றுக்குட்டி போல நகர மறுத்தது. கடைசியில் குட்டையாக, அடிப்பக்கம் தட்டையாக, மேலே நாற்காலி மாதிரி உயரமான இருக்கையோடு ஒன்று கிடைத்தது. மண்டி போடாமல் உட்காரலாம், எழுந்திருக்கலாம். ஒருத்தியாகத் தூக்கி பிக்கப் வண்டியில் ஏற்றலாம். நிறம் மட்டும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

"யாரும் வாங்காம கிடந்திருக்கும்" என்றான் டென்சில்.

"உன்னையும் அப்படித்தான் உன் பொண்டாட்டி எடுத்தா. கெட்டுப்போகலையே."

அவன் விடவில்லை. "சரி, இந்தச் சனிக்கிழமை நானும் கூட வர்றேன். நீ ஒரு தடவை தண்ணியில விழுந்தேன்னு வை, அப்புறம் உனக்கு என் படகுதான். பேச்சு மாறக்கூடாது."

வெர்லீன் கொஞ்சம் யோசித்தாள். இருக்கை உயரமானால் ஆட்டமும் கூடும், அது அவளுக்குத் தெரியும். பாசி பிடித்த கல்லில் புது முழங்கால் என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. ஆனாலும் "சரி" என்றாள்.

ஆற்றோடு மிதந்து இறங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரே வழிதான். ஒருவர் வண்டியைக் கீழ்த்துறையில் நிறுத்திவிட்டு, இன்னொருவர் வண்டியில் படகுகளோடு மேல்துறைக்குப் போக வேண்டும். டென்சிலின் வண்டி கீழே, வெர்லீனுடையது மேலே. குறைந்த கோடைத் தண்ணீருக்குப் படகு மோட்டார் ஆகாது என்று அவன் அதை வீட்டிலேயே கழற்றி வைத்திருந்தான். மேல்துறையில் அரைக்கால் சட்டைக்கு மாறி, ஜீன்ஸை அவள் வண்டிச் சீட்டில் எறிந்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டான்.

வெர்லீன் விழவில்லை. மெத்தென்று இறங்கி வந்தாள். டென்சில் பின்னாலேயே வந்து, அவள் எப்போது கவிழ்வாள் என்று பார்த்ததில் தூண்டில் போடவே மறந்துவிட்டான். கீழ்த்துறை வந்ததும் கரையேறி, இடுப்பைத் தடவினான். பிறகு மறுபக்க இடுப்பையும் தடவினான்.

"என்னடா?"

"சாவி."

"எங்கே?"

"ஜீன்ஸ்ல."

இந்த ஆற்றில் படகு விட்ட குடும்பங்களில் இதைச் செய்யாத குடும்பம் ஒன்றுகூட இல்லை. வெர்லீனின் வண்டிச் சாவி அவள் மிதவைச் சட்டையில் மாட்டியிருந்தது, வண்டிதான் மேலே இருந்தது. ஆற்றோரப் பாறைச் சுவரைச் சுற்றி மேல்துறைக்குப் போகும் சாலை பாதி மாவட்டத்தைச் சுற்றிவிட்டு வரும், அதில் ஒரு வண்டியும் வராது. ஆற்று வழியாகப் போனால் பக்கம், ஆனால் எதிர்நீச்சல். அலுமினியப் படகை ஓட்டத்துக்கு எதிரே கொண்டுபோவது நடக்காத காரியம்.

"உன் கிழங்கைக் குடு. நான் போயிட்டு வர்றேன். உன் கால வச்சுக்கிட்டு நீ போகவேணாம்."

அவள் வாய் திறக்குமுன் ஏறி உட்கார்ந்தான். கயாக் சாஸர் மாதிரி தண்ணீருக்குள் அமிழ்ந்தது. வலது பக்கம் துடுப்பைப் போட்டான், இடது பக்கம் அவனே போனான். எழுந்தபோது தொப்பி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

வெர்லீன் சிரிக்கவில்லை. சிரித்தால் அவன் திரும்ப ஏறுவான். "ரொட்டி பெட்டியில இருக்கு, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு கயாக்கைத் திருப்பிக்கொண்டு மேலே போனாள்.

மடுக்களில் கரையை ஒட்டி, பாறை மறைவிலிருந்து பாறை மறைவுக்கு, ஓட்டம் இல்லாத தண்ணீராகப் பார்த்துத் துடுப்புப் போட்டாள். கல் மேல் சலசலத்து ஓடும் ஆழமில்லாத இடம் வந்தால் இறங்கி, துடுப்பை ஊன்றுகோலாக்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள். முதல் இடத்தில் கல் வழுக்கியது. முழங்கால் ஒரு பக்கம் போகப் பார்த்தது. அப்படியே நின்று, பின்சீட்டுப் பையனை அதட்டுவது போல அதை ஒரு தடவை அதட்டினாள். அது நின்றது. கயாக் பின்னாலேயே கன்றுக்குட்டியாக இல்லாமல் நாய்க்குட்டியாக வந்தது.

மூன்றாவது மடுவில், டென்சில் அன்றைக்குத் தாண்டிப் போன அந்தப் பாறை. அதன் மறைவில் மூக்கை வைத்தால் கயாக் நங்கூரமில்லாமலே நின்றது. எங்கும் பேச்சுச் சத்தமில்லை. தண்ணீர் சத்தம் மட்டும். தம்பி ஈர உடையோடு காத்திருப்பான் என்ற நினைப்பு வந்தது. வெயில்தானே, காயட்டும் என்று ரப்பர் இறாலைக் கோர்த்து வீசினாள். பிடித்த பாஸ் மீன் எவ்வளவு பெரியது என்பதற்கு அவள் சொல்வது ஒன்றுதான்: அதைத் தூக்கியதும் ஆறு ஒரு விரல்கடை இறங்கியது. அளந்து பார்த்தவர் யாருமில்லை. மீனை ஆற்றிலேயே விட்டுவிட்டாள், ஆறு பழையபடி ஏறிக்கொண்டது.

மேல்துறையில் கயாக்கின் மூக்கை வண்டியின் பின்கதவில் சாய்த்து, வாலைத் தூக்கித் தள்ளினாள். ஏறிவிட்டது. கீழ்த்துறைக்கு வண்டியை எடுத்தாள்.

அவள் வண்டி வந்து நின்றபோது டென்சில் காய்ந்திருந்தான். ரொட்டிப் பெட்டி காலியாக இருந்தது.

"இவ்வளவு நேரமா? செத்துட்டியோன்னு நினைச்சேன்."

"மீன் கடிச்சுதுடா."

"நான் இங்கே பதறிக்கிட்டு இருக்கேன், நீ தூண்டில் போட்டியா?" அவள் சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்த்தான். "விழுந்தியா?"

"இன்னிக்கு நம்ம வீட்டுல ஒரே ஆள்தான் விழுந்தது."

ஜீன்ஸை வாங்கி, சாவியைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் மெதுவாகக் கேட்டான்:

"அடுத்த சனிக்கிழமை உன் வண்டிய கீழே கொண்டாந்து விட ஆள் வேணுமில்ல? எத்தன மணிக்கு வரட்டும்?"

"எப்ப வேணா வந்து விட்டுட்டுப் போ" என்றாள் வெர்லீன். "காத்திருக்காதே."