நீலப் பொரி

பேரனின் பிறந்தநாளுக்காக மகள் சீனிப்பாகில் நீல நிறம் கலந்து சோளப்பொரியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாசம் எழுந்ததும் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அப்பா துரை பங்களாவின் சமையல்காரர். எனக்கு ஒன்பது வயது. தங்கை மேரிக்கு நான்கு வயது முடிந்த நாளில், பங்களாவில் கேக்குக்குப் போட்டு மிஞ்சிய நீல நிறத்தைக் கொண்டுவந்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா பொரி செய்தார். தின்ற எல்லோருக்கும் வாய் நீலமாயிற்று. ஒருவரையொருவர் காட்டிச் சிரித்தோம்.

திடீரென்று மேரி சத்தமில்லாமல் நின்றாள். கண்கள் பிதுங்கியிருந்தன.

"மேரி வாயப் பாருங்க, எல்லாரையும் விட நீலம்!" என்று நான்தான் கைகொட்டிச் சிரித்தேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அம்மா சிரித்தபடியே முந்தானையால் அவள் உதட்டைத் துடைத்தாள். நீலம் போகவில்லை. மேரியின் நகங்களும் நீலமாக இருந்தன.

"ஐயோ, புள்ள மூச்சு விடலைங்க!" என்று அம்மா அலறினாள்.

அப்பா ஓடிவந்து அவளைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறைந்தார். மூன்றாவது அறையில், வெடிக்காத சோளமணி ஒன்று தரையில் தெறித்து விழுந்தது. மேரி வீறிட்டு அழுதாள். நாங்கள் யாரும் அசையவில்லை.

அன்று சாயங்காலம் கரகரத்த குரலில் அவள் கேட்டாள்: "அக்கா, நீ ஏன் சிரிச்ச?"



இன்று மகளிடம், "பொரி வேணாம்மா, கேக் மட்டும் போதும்" என்றேன். ஏன் என்று கேட்டாள். அன்று நான் சிரித்ததை முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.